முகர்ஜி பாபுவின் பெயரில் மூன்று நாள்

அன்புள்ள சண்முகத்துக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்றுக் காலையில், கொடியில் கிடந்த உன் வெள்ளைச் சட்டையின் பைக்குள் கையை விட்டேன். சலவைக்குப் போடும் முன் பையைப் பார்த்துவிடுவது நல்லது என்று அந்தப் பக்கம் வந்த உன் அத்தையிடம் சொன்னேன். அது பொய். மூக்குப்பொடி வாங்கக் காசு தேடினேன். பெண் பார்க்கப் போன வீட்டில், 'எங்க அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது' என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து சம்பந்தி இருக்கிற திசையில் நான் தும்முவதுகூட இல்லை. கல்யாணம் முடிந்து ஐந்து நாளாகிறது. வந்த கூட்டம் இன்னும் நம் டாக்குரியா வீட்டு இரண்டு அறையிலும் படுத்துக் கிடக்கிறது. கல்லாச் சாவியும் காசும் உன் அம்மாவின் இடுப்பில் இருக்கின்றன. ஐம்பத்திரண்டு வயதில் மகன் சட்டையைத் துழாவும் நிலைக்கு நான் வந்த கதை இதுதான்.

கிடைத்தது ஒரு இரண்டு ரூபாய் நோட்டும், நாலாக மடித்த ஒரு சீட்டும். நோட்டு என் பைக்குள் போய்விட்டது. சீட்டைத்தான் பிரித்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பூரியில் உன் ஆபீஸின் ஹாலிடே ஹோம், ஐந்து நாள், மிஸ்டர் தத்தா, மிஸஸ் தத்தா. தத்தா யார் என்று எனக்குத் தெரியும். கிடர்பூர் ஆபீசில் உனக்குப் பக்கத்து மேசைக்காரர். உன் கல்யாணப் பந்தியில் மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கியவர். நீ இன்னும் அங்கே நிரந்தரம் ஆகவில்லை, அதனால் உனக்கு அந்த வீடு கிடைக்காது, அவருக்குக் கிடைக்கும். ஆக, அந்தச் சீட்டில் பூரிக்குப் போகப்போகிற மிஸ்டர் தத்தா நீ, மிஸஸ் தத்தா நம் கோமதி.

இந்தக் கல்கத்தாவில் இது ஒரு பெரிய தப்பே இல்லை. ஆபீஸ்காரர்கள் தங்கள் ஆட்களுக்காகப் பூரியிலும் டார்ஜிலிங்கிலும் வீடு பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஓட்டல் கேட்பதில் கால் பங்குக்கு அறை. ஆபீஸ்காரர் போகாதபோது அவர் பெயரில் அவருடைய மச்சினர், சிநேகிதர், மீன் கொடுக்கிறவர் வரை போய் வருவார்கள். நான் அதற்காகக் கோபப்படவில்லை. உனக்கு இந்தப் புத்தியை யார் கொடுத்தது என்று தேடவும் வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது. சீட்டை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருப்பேன். ஆனால் மத்தியானம் உன் அம்மா நம் காளிகாட் காபிப்பொடிக் கடைக்கு வந்தாள். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட சேற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு, காரணம் இல்லாமல் அவள் வரமாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். காபி கேட்டாள். குடிக்கவில்லை.

"கோமதி என்கிட்ட ஒண்ணு கேட்டா" என்றாள். "அத்தை, சங்கு வளையல் எங்க கிடைக்கும்னு கேட்டா."

"வாங்கிக் கொடேன். சின்னப் பொண்ணு, ஆசைப்படுது."

"ஆசையா? உங்க மகன் சொல்லிக் கொடுத்திருக்கான். பூரியில யாரும் கேட்டா தத்தா பொண்டாட்டின்னு சொல்லணுமாம். வங்காளிப் பொம்பளை கையில சங்கு வளையல் இல்லாம இருக்க மாட்டா, அதனால அதைப் போட்டுக்கணுமாம். தாலியை ரவிக்கைக்குள்ள விட்டுக்கணுமாம். அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரல. மஞ்சக் கயிறு இன்னும் காயலைங்க. அதுக்குள்ள அதை உள்ள விட்டு மறைக்கணுமா?"

அவள் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் பொடி போடும் ஆசையே போய்விட்டது. உன்னிடம் நேரில் பேசலாம் என்றால், நம் வீட்டில் இப்போது ஒரு ரகசியம் சொல்ல இடம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பேசினால் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சித்தி நிற்கிறாள். அதனால் காபி மில்லை நிறுத்திவிட்டு, கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் அம்மா எட்டாவது வரை படித்தவள்; இதைப் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறாள். ஒரு இடத்தில் முழுவதும் அடித்தே விட்டாள். அங்கே அவளுடைய தம்பியைப் பற்றி ஓர் உண்மை இருந்தது.

உனக்கு வாழைக்காய்க் கதை தெரியும். தெரியாதவர் நம் சொந்தத்தில் யாரும் இல்லை; உன் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடப் பந்தல்காரனுக்குச் சொன்னேன். ஆனால் நான் சொல்வது பாதிக் கதை. மீதியை உனக்கு ஆறு வயதாக இருந்தபோது விழுங்கினேன், பதினெட்டு வருஷமாக வெளியே விடவில்லை. நீயும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மறந்துவிட்டாயோ, அல்லது எனக்காகக் கேட்காமல் இருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. இரண்டாவதாக இருக்குமோ என்பதுதான் என் பயம்.

அந்த வருஷம் உன் அம்மாவுக்குக் கடல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கங்கையைக் காட்டினேன், போதாது என்றாள். டாக்குரியா ஏரியைக் காட்டினேன், என் மூஞ்சியைப் பார்த்தாள். பூஜை விடுமுறையில் பூரி ஓட்டல்களில் கேட்ட வாடகையோ நம் கடை வருமானத்துக்கு எட்டாதது. அப்போதுதான் முகர்ஜி பாபு வந்தார். சனிக்கிழமை தோறும் நம்மிடம் கால் கிலோ காபிப்பொடி வாங்குவார், பாங்க் ஆபீசர், வழுக்கைத் தலை, நல்ல உயரம். பூரியில் எங்கள் பாங்குக்கு ஹாலிடே ஹோம் இருக்கிறது, இந்தத் தடவை நான் போகவில்லை, என் பெயரில் நீ போய்விட்டு வா என்றார். ஓட்டலில் ஒரு நாளைக்குக் கேட்ட காசில் அங்கே ஐந்து நாள் இருக்கலாம். நான் அவர் காலில் விழாத குறை.

ஒரே ஒரு சிக்கல், அங்கே பெரிய நோட்டில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தமிழில் கையெழுத்துப் போடுவதே ஒரு வேலை. முகர்ஜி பாபு தன் கையெழுத்தை ஒரு பொட்டலக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு வாரம் எழுதிப் பழகினேன். எழுதியது எல்லாம் பொட்டலம் மடிக்கிற காகிதத்தில்தான். அந்த வாரம் நம்மிடம் காபிப்பொடி வாங்கிய அத்தனை பேர் வீட்டுக்கும் முகர்ஜி போயிருப்பார். கடைசியில் அந்தக் கையெழுத்து, வால் சுழித்து, கீழே ஒரு கோடு இழுத்து, அவர் போட்டதைவிட அழகாக வந்தது. இன்று வரை ஆங்கிலத்தில் என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரயிலில் உங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினேன். உன் அம்மா தாலியை உள்ளே விட்டு, சங்கு வளையலும் சிவப்பு வளையலும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது வங்காளி வராது. அதனால் என் மனைவி ரொம்பக் கூச்சப்படுகிறவள், யாரோடும் பேசமாட்டாள் என்று சொல்வதாக முடிவு. உன் அம்மா கூச்சப்படுகிறவள்! நான் சொன்ன அத்தனை பொய்யிலும் அந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஏலே, இனிமே உன் பேரு கோகன். கோகன் முகர்ஜி. என்னை அப்பான்னு கூப்பிடக்கூடாது, பாபான்னு கூப்பிடணும். நிஜப் பேரைச் சொன்னேன்னு வையி, போலீஸ் வந்து அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிருவான்." விளையாட்டுக்குச் சொன்னேன். நீ தெருவில் எல்லாப் பிள்ளைகளோடும் வங்காளியில் பிளந்து கட்டுகிறவன், உன்னால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியம். நீ ரொம்பக் கவனமாகத் தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

போய் இறங்கிய அன்றே வாழைக்காய் வந்துவிட்டது. அங்கே சமையலுக்கும் காவலுக்குமாக ஹரிஹர் என்று ஓர் ஒரியாக்காரர் இருந்தார். முகர்ஜி பாபு குடும்பம் வந்திருக்கிறது என்று, கேட்காமலே ஒரு தட்டு நிறைய வறுத்த மீனைக் கொண்டுவந்து வைத்தார். மீனே தொடாத உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீன் இல்லாமல் சாப்பிடாத வங்காளிப் பிராமணன் மீன் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். "பேட் காராப், ஹரிஹர்" என்றேன். வயிறு சரியில்லை. "மூணு பேருக்குமா பாபு?" என்றார். மூன்று பேருக்கும்தான் என்றேன். அவ்வளவுதான். வேளா வேளைக்குக் குழைந்த சோறும், வயிற்றுக்காரர்களுக்கென்று வைக்கிற வாழைக்காய்த் தண்ணிக் குழம்பும். உப்புகூடப் பயந்து பயந்து போட்டிருப்பார். இதுவரைக்கும்தான் நான் ஊருக்குச் சொல்கிற கதை. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நான் நிறுத்திக்கொள்வேன்.

நிறுத்தின இடத்துக்கு மறுபக்கம் இருப்பதை இப்போது சொல்கிறேன். எனக்கு அங்கே ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் கடற்கரைச் சாலையில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். வழியில் இருக்கும் பெரிய ஓட்டல்களில் ஏறி, அறை என்ன வாடகை என்று கேட்பேன். கடல் பார்த்த அறை எவ்வளவு, பின்பக்கத்து அறை எவ்வளவு, வென்னீருக்குத் தனியா, மூன்றாவது ஆளுக்கு மெத்தை போட்டால் என்ன. தங்கப்போவதில்லை. கேட்டுவிட்டு, நான் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குவேன். அதில் ஒரு சந்தோஷம். மூன்றாம் நாள் அப்படி ஒரு ஓட்டல் மானேஜரோடு, பூஜைக் கூட்டம் போன பிறகு எவ்வளவு குறைப்பீர்கள் என்று வெகு நேரம் வாதாடினேன். உன் அம்மா எதிரே அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். மானேஜர் கடைசியில் பாதிக்குப் பாதி இறங்கி வந்தார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் உன்னைப் பார்த்துத் திரும்பினேன். என் கையில் உன் கை இல்லை.

எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது.

கடற்கரையில் அன்று திருவிழாக் கூட்டம். "சம்முவம்! ஏலே சம்முவம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். குளிக்க வந்தவர்களை அலைக்குள் கைபிடித்து அழைத்துப் போகிற நுலியாக்கள், ஓலைத் தொப்பி போட்டவர்கள், ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டேன். சிவப்புக் கால்சட்டை போட்ட பையன், மெட்ராஸ்காரப் பையன், சண்முகம் என்று பெயர். பார்த்தவர் யாரும் இல்லை. மெட்ராஸ்காரப் பையன் என்று ஒருவன் அன்று அந்தக் கடற்கரையில் இல்லவே இல்லை. ஒரு பந்தலில் தொண்டர்கள் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதில் வங்காளியில் திரும்பத் திரும்ப ஒரே அறிவிப்பு: "கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் முகர்ஜி பாபு, உங்கள் மகன் கோகன் எங்களிடம் இருக்கிறான், வந்து அழைத்துப் போங்கள்." அது என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. எவனோ ஒரு முகர்ஜி, கொடுத்துவைத்தவன், அவன் பிள்ளை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பந்தலைத் தாண்டி ஓடினேன். திரும்பி வரும்போது மறுபடியும் அதே அறிவிப்பு. இன்னும் வந்து அழைத்துப் போகவில்லையா, என்ன அப்பன் இவன் என்று அந்த முகர்ஜியைத் திட்டக்கூடச் செய்தேன், சண்முகம். என் வாயால் திட்டினேன்.

உன் அம்மா எதிரே ஓடி வந்தாள். எங்கோ விழுந்திருந்தாள்; ஒரு கையில் சங்கு வளையல் உடைந்து போயிருந்தது. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடுதிய?"

"அந்தக் கோடி வரைக்கும் பார்த்திட்டேன், இன்னும் இந்தப் பக்கம்..."

"கூப்பிடுதாங்கள்லா! உங்களைத்தான் கூப்பிடுதாங்க!"

"என்னையா?"

"முகர்ஜி நீங்கதாங்க!"

வங்காளி வராத அவளுக்கு அது விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

பந்தலில் ஒரு பெஞ்சியில் நீ உட்கார்ந்திருந்தாய். கால் தரைக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நோட்டும் பென்சிலுமாக நின்றார். உன்னைத் தண்ணீர் ஓரத்தில் கண்டெடுத்த நுலியாவும் இருந்தார். நீ அழவில்லை. அவர்கள் கேட்டபோதெல்லாம் கோகன் முகர்ஜி, பாபா பாங்கில் வேலை என்று பிசகாமல் சொல்லியிருக்கிறாய். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. நான் மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றேன், உன்னைப் பார்த்து "ஏலே சம்முவம்" என்றேன். கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூப்பிட்டது முகர்ஜியை, வந்து நிற்பது இப்படி ஒரு ஆள், வாயில் வருவது வேறு பெயர். உன் பக்கம் குனிந்து கேட்டார், இவர் யார், உன் அப்பாவா?

நீ அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அப்புறம் ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தமிழில் கேட்டாய்:

"சொல்லலாமாப்பா? உங்களைப் பிடிச்சிட்டுப் போயிர மாட்டாங்கள்லா?"

அவ்வளவு நேரமும் நீ பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது உனக்காக இல்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கான்ஸ்டபிளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாங்க், பொட்டலக் காகிதம், வாழைக்காய் எல்லாம். அவர் பென்சிலால் காதைச் சொறிந்தார். "சரி பாபு, எந்தப் பேர்ல எழுதட்டும்?" என்றார். உன்னையே சொல்லச் சொன்னேன். நீ பெஞ்சியிலிருந்து இறங்கி நின்று, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல், இனிஷியலோடு சொன்னாய்.

அன்று மத்தியானமே உன் அம்மா பெட்டியைக் கட்டிவிட்டாள். இனி ஒரு வேளைகூட அந்தப் பெயரில் சாப்பிடமாட்டேன் என்றாள். ஹரிஹரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், நான் முகர்ஜி இல்லை என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தெரியுமே பாபு! நிஜ முகர்ஜி பாபு போன வருஷம்தானே வந்தார்? வழுக்கைத் தலை, ஒரு வேளைக்கு நாலு துண்டு மீன். நீங்க மெட்ராஸ்காரங்க, மீன் ஆகாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா கத்தரிக்காய் வறுத்துத் தந்திருப்பேன், பருப்பு வச்சிருப்பேன். வயிறு சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" மூன்று நாளாக எங்களை வாழைக்காயில் போட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். புறப்படும்போது உனக்கு ஒரு பொட்டலம் கத்தரிக்காய் பஜ்ஜி கொடுத்தார். ரிக்‌ஷாவிலேயே தின்று தீர்த்தாய்.

மிச்ச இரண்டு நாளும் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன லாட்ஜில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் மாட்டுக் கொட்டகை. கடல் சத்தம் கேட்காது, மாடு அசைபோடுவது கேட்கும். லாட்ஜ் நோட்டில் நம் பெயரை மானேஜரே எழுதினார், நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நீ எக்கி நின்று, "நம்ம பேரு எங்க?" என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாய். அப்புறம் அந்த இரண்டு நாளும் கண்ணில் பட்ட எல்லோரிடமும் பெயரைச் சொன்னாய். ஐஸ் விற்கிறவரிடம், சங்கு விற்கிறவரிடம், கோயில் வாசல் பண்டாப் பூசாரியிடம். அவர்கள் கேட்கவே இல்லை. மூன்று நாளில் நான் பிடித்த மிச்சம் எல்லாம் அந்த லாட்ஜில் போனது; உன் அம்மா பூரியை நினைத்துச் சொல்வதெல்லாம் இன்றைக்கும் அந்த மாட்டுக் கொட்டகை அறையைத்தான்.

மிச்சம் பிடிக்காதே என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன். மிச்சம் பிடி. நன்றாகப் பிடி. அதற்கு வழி இருக்கிறது. ரயிலடியில் ரிக்‌ஷாக்காரர் 'நல்ல ஓட்டல் இருக்கு பாபு' என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல். அவருக்கு அங்கே கிடைக்கிற கமிஷன் உன் வாடகையில்தான் ஏறும். காலை வண்டியில் போய் இறங்கு. இருட்டின பிறகு பெட்டியும் பெண்டாட்டியுமாகப் போய் நின்றால், இவன் இனி எங்கே போவான் என்று மானேஜருக்குத் தெரிந்துவிடும். அறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. பார்க்கும்போது கட்டிலைப் பார்ப்பதைவிடக் குழாயைத் திறந்து பார். முதல் நாள் வாடகைக்குப் பேரம் பேசாதே, 'மூன்று நாள் இருக்கிறோம், மூன்றாவது நாளுக்கு என்ன குறைப்பீர்கள்' என்று கேள்; அதற்குத்தான் அவர்கள் இறங்குவார்கள். கடல் பார்த்த அறைக்கு அதிகம் கொடுக்காதே. கடல் வெளியே சும்மா கிடக்கிறது, போய்ப் பார்த்துக்கொள். சாப்பாடு சேர்த்த அறை வேண்டாம், வெளியே ஒரியா சாப்பாட்டுக் கடைகளில் பருப்பும் சோறும் சுடச் சுடக் கிடைக்கும். கணக்கு எடுப்பது இருபத்துநாலு மணி நேரத்துக்கா, இல்லை பகல் பன்னிரண்டு மணிக்கா என்று முதலிலேயே கேட்டுவிடு; நம் ஆட்கள் பாதிப்பேர் கோட்டை விடுவது அங்கேதான். இத்தனையிலும் குறைத்துக்கொள், யாரும் உன்னைக் கஞ்சன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அதற்கு நான் இருக்கிறேன்.

ஆனால் கோமதியைத் தத்தா பெண்டாட்டியாக்கிக் கூட்டிக்கொண்டு போகாதே. அவள் சிரித்துக்கொண்டேதான் வருவாள். உன் அம்மாவும் அன்று சிரித்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். புதிதாக வந்த பெண், நீ சொன்னால் செய்வாள், நீ மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒவ்வொரு வேளையும் பயந்துகொண்டே சாப்பிடுவாள். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லமாட்டாள். நீ சொன்னாயா? போன வாரம்தான் அவள் பெயருக்குப் பின்னால் உன் பெயர் வந்திருக்கிறது. ஒரு ஊருக்குப் போய் ஒரு நோட்டில் அதை எழுதிப் பார்க்கட்டும். எக்கி நின்று விரலை வைத்துக்கூடப் பார்ப்பாள், எனக்கென்ன தெரியும்.

தத்தாவின் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவர் தன் மனைவியை அழைத்துப் போகட்டும், பாவம், அந்த அம்மாவுக்கும் கடல் பார்க்க ஆசை இருக்கும். உங்கள் இருவருக்கும் பூரியில் ஒரு லாட்ஜில் மூன்று நாளுக்கு அறை பிடித்திருக்கிறேன். ஐந்து நாள் இல்லை, மூன்று. பின்பக்கத்து அறை, மூன்றாவது நாளுக்கு முக்கால் வாடகை. இது என் கல்யாணப் பரிசு. கொஞ்சம் தாமதம், ஆனால் பேரம் பேச நேரம் வேண்டாமா? அந்த லாட்ஜுக்கு இங்கே காளிகாட்டில் ஒரு ஏஜெண்ட் இருக்கிறார். இன்று காலை உன் அம்மாவும் நானும் போனோம். சங்கு வளையல் வாங்குவதாகக் கோமதியிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

ஏஜெண்ட் பாரத்தை எடுத்து உன் பெயரையும் கோமதி பெயரையும் தெளிவாக எழுதினார். படித்துக் காட்டினார். உனக்குச் சொன்னதை நானே மீறி, அறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தேன். பூரியில் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவைக் கொடுத்தார். போட்டேன். வால் சுழித்து, கீழே ஒரு கோடும் இழுத்தேன். அவர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "முகர்ஜி யாரு?" என்று கேட்டார். புதுப் பாரத்துக்கு இரண்டு ரூபாய் என்றார். உன் சட்டையிலிருந்து எடுத்த நோட்டைக் கொடுத்தேன். இரண்டாவது பாரத்தில் உன் அம்மா கையெழுத்துப் போட்டாள்.